பேன் தின்னும் லம்ப் மீன்
சைக்ளாப்டெரஸ் லம்பஸ் – வட அட்லாண்டிக் கடல்

இந்த உருண்டை மீன் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டும்போது அதன் வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். அங்குள்ள வட்டம் ஓர் உறிஞ்சுதட்டு. அதனால்தான் அலையடிக்கும் பாறையிலும் இது நழுவாமல் பற்றிக்கொள்கிறது.

நார்வே, ஸ்காட்லாந்து கடலோரங்களில் வலைக்கூண்டுகளில் வளர்க்கப்படும் சால்மன் மீன்களுக்குக் கடல் பேன் பெரும் தொல்லை. விரல் நகத்தளவுகூட இல்லாத இந்த ஒட்டுண்ணி, சால்மனின் தோலையும் இரத்தத்தையும் தின்று உடலைப் புண்ணாக்கிவிடும். பல மருந்துகளுக்கு இப்போது அது சாவதில்லை. எனவே பேனைக் கொத்தித் தின்னும் மீன்களைக் கூண்டுக்குள் விடுகிறார்கள். நார்வேயில் 1980-களின் பிற்பகுதியில் ராஸ் மீன்களைக் கொண்டு இம்முறையைச் சோதித்தார்கள். குளிர்காலத்தில் ராஸ் மந்தமாகிவிடும். லம்ப் மீனோ குளிர்ந்த நீரிலும் இரை தேடும். அது ஒட்டி இளைப்பாறுவதற்காகக் கூண்டுக்குள் கடற்பாசி போலப் பிளாஸ்டிக் பட்டைகளைத் தொங்கவிடுகிறார்கள்.

எல்லா லம்ப் மீனும் பேன் தின்பதில்லை. சில மீன்கள், சால்மனுக்கான தீவனத்திலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளும். நோயாலும் காயத்தாலும் கூண்டுகளில் இவை ஏராளமாக மடிகின்றன. சால்மனைக் காக்க விடப்பட்ட மீனின் நலத்தையும் கண்காணிப்பது பண்ணையாளரின் கடமை.