கேம் ஆடும்போது க்ளாக் ஏன் குதிக்குது?

கேம் ஓடும்போது ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து பாருங்க. கோர் வோல்டேஜ் 0.8, 1.3-னு மாறி மாறிக் காட்டும். க்ளாக்கும் கூடவே ஏறி இறங்கும். பயப்படாதீங்க மக்களே, புராசஸர் கெட்டுப்போகல. பேச்சிப்பாறை மதகை எப்பவும் முழுசாவா திறந்து வைக்காங்க? வயலுக்கு வேண்டிய அளவுதானே தண்ணி விடுறாங்க? இங்கேயும் அதே கணக்குதான்.

சிப் செலவழிக்கும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதம். வோல்டேஜின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். அதே வேகத்தில் வோல்டேஜை 10% குறைத்தாலே சுமார் 19% மின்திறன் மிச்சம். அதனால்தான் வேலை குறைந்த நொடியிலேயே சிப் இரண்டையும் இறக்கிவிடுது.

கவலைப்பட வேண்டியது எப்போ? வெப்பம் 95–100 டிகிரியைத் தொட்டு, க்ளாக் சரிந்து, எஃப்பிஎஸ்சும் விழுந்தால் அது தெர்மல் த்ராட்லிங். நாகர்கோவில் ஏப்ரல் புழுக்கத்துல லேப்டாப்பை மெத்தை மேல வச்சு ஆடினா இது சீக்கிரமே வரும். மேசைக்கு மாத்துங்க, ஃபேன் தூசியைத் தட்டுங்க.

இன்னொண்ணு: சீனியர்கிட்ட செகண்ட் ஹேண்ட் ஐ7-13700கே வாங்கப் போறீங்களா? இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சில, அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டு நிரந்தரமாகப் பழுதாயின. 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோட் அதற்கு 1.55 வோல்ட் வரம்பு வைத்தது. ஆனால் ஏற்கெனவே பழுதான சிப்பை அது மீட்காது. பயாஸ் எப்போ அப்டேட் பண்ணினாங்கன்னு கேட்டு, ஒரு மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்க.