பூஜ்ஜியம் என்று எழுதும் பள்ளிகள்

பள்ளியில் ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகள் விடாமல் சீண்டுவதைத் தடுக்க அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் இல்லை. கல்வி மாநிலங்களின் பொறுப்பு. 1999-இல் ஜார்ஜியா முதலில் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு ஏப்ரலில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்தபின் மற்ற மாநிலங்களும் இறங்கின. 2015-இல் மொன்டானா கடைசியாக வந்து சேர்ந்தது.

பெரும்பாலான சட்டங்கள் புகாரிலிருந்துதான் தொடங்குகின்றன. நியூ ஜெர்சியில் 2011 முதல் நடைமுறையில் இருக்கும் கடுமையான சட்டம், விசாரணையை 10 பள்ளி நாட்களுக்குள் முடிக்கச் சொல்கிறது. புகாரே வராவிட்டால்? சொன்னால் அடி கூடும் என்று பிள்ளை பயப்படுகிறது; எண்ணிக்கை ஏறினால் பெயர் கெடும் என்று பள்ளி பயப்படுகிறது. எனவே நூற்றுக்கணக்கானோர் படிக்கும் பள்ளிகூட ஆண்டறிக்கையில் பூஜ்ஜியம் என்று எழுதிவிட முடிகிறது. 2022-இன் தேசியக் கணக்கெடுப்பிலோ 12 முதல் 18 வயதுள்ள மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதைப் பள்ளியில் பெரியவர் ஒருவரிடம் சொன்னவர்கள் அவர்களில் பாதிக்கும் குறைவு.

இந்த இடைவெளியைக் காட்டுவதற்குத்தான் மாணவர்களிடமே கேட்கும் ஆய்வு வேண்டும். வழி புதிதல்ல. நார்வேயில் 1983-இல் நாடு தழுவிய இயக்கம் தொடங்கியபோது உளவியலாளர் டான் ஓல்வியஸ் பெயர் எழுதத் தேவையில்லாத வினாத்தாளைப் பயன்படுத்தினார். சீண்டல் என்றால் என்ன என்று முதலில் விளக்கிவிட்டு, எத்தனை முறை நடந்தது, எங்கே நடந்தது, யாரிடமாவது சொன்னாயா என்று அது கேட்கும். விளையாட்டுத் திடலா, நடைவழியா, கழிப்பறையா, பள்ளிப் பேருந்தா என்று பிள்ளை குறியிட்டுவிட்டால், ஆசிரியர் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். எந்தப் புகார்ப் பதிவேடும் இதைத் தராது.

பாடநேரம் வீணாகிறது, பிள்ளைகள் மிகைப்படுத்துவார்கள் என்று சொல்வோரும் உண்டு. பெயரில்லாத தாளில் மிகைப்படுத்திப் பிள்ளைக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மாசசூசெட்ஸ் 2014-இல் தன் சட்டத்தைத் திருத்தி, நான்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாணவர்களிடம் இத்தகைய கணக்கெடுப்பு நடத்துவதைக் கட்டாயமாக்கியது. நல்ல தொடக்கம், ஆனால் இடைவெளி மிக நீளம். சீண்டல் அதிகம் நடக்கும் நடுநிலைப் பள்ளிப் பருவம் அங்கே பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, மூன்றே ஆண்டு. கணக்கெடுப்பு முடிந்த மறு ஆண்டில் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை, யாரும் ஒருமுறைகூடக் கேட்காமலே அந்தப் பள்ளியை முடித்து வெளியேறிவிடலாம்.