ஒரு புத்தகம், நான்கு அலமாரிகள்

மலேசியாவின் சுங்கை பாக்காப் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த தமிழர்களைப் பற்றி ஒருவர் புத்தகம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை நூலகத்தில் எங்கே வைப்பது? டூயி பகுப்பு முறையில் தொழிலாளர் என்றால் 331. குடிபெயர்வு 304.8. கரும்புச் சாகுபடி 633.61. மலேசிய வரலாறு 959.5. நான்கு அலமாரிக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் புத்தகம் ஒன்றுதான். நூலகர் ஏதோ ஓர் எண்ணை அதன் முதுகில் ஒட்டுவார். மற்ற மூன்று இடங்களில் தேடுகிறவர் அப்படி ஒரு புத்தகமே இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போவார்.

மெல்வில் டூயி இந்த முறையை வெளியிட்டது 1876-இல். அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்தார்; ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாக. இலக்கியத்துக்கு 800. அதில் அமெரிக்கா 810, ஆங்கிலம் 820, பிறகு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், லத்தீன், கிரேக்கம் என்று ஆளுக்கொரு பத்து. மிச்ச உலகம் முழுவதும் 890-க்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தமிழ் 894.811, மலாய் 899. சமயத்திலும் இதே கதைதான்: பைபிளும் கிறிஸ்தவமும் 220 முதல் 280 வரை விரிந்து கிடக்க, இஸ்லாம், இந்து, பௌத்தம் எல்லாம் 290-இல். ஆங்கில நாவலுக்கு 823 என்ற மூன்று இலக்கம் போதும். தமிழ் நாவல் என்று சொல்ல 894.8113 வரை போக வேண்டும். மெலிந்த புத்தகத்தின் முதுகில் இதை ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை.

இதை மாற்ற டூயி முறையிலேயே வழி இருக்கிறது. உள்ளூர் மொழிக்கு முதலிடம் தர விரும்பும் நூலகம், அந்த இலக்கியத்தை 810-க்குக் கொண்டுவரலாம். ஆனால் அப்படிச் செய்தால் மற்ற நூலகங்களின் பட்டியலோடு நம் எண் ஒத்துப்போகாது. இருக்கிற ஒட்டுத்தாள்களையும் கிழித்து மறுபடி ஒட்ட வேண்டும். யாருக்கு நேரம்?

ஒரு புத்தகம், நான்கு அலமாரி என்ற சிக்கலின் வேரைத் தொட்டவர் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்கு லண்டன் போன இடத்தில், செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே திருகாணிகள்; மாற்றி மாட்டினால் வேறொரு பொருள். பாடங்களையும் இப்படிக் கோக்கலாமே என்று பட்டது. 1933-இல் வந்த கோலன் பகுப்பு முறையில் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே எண் போட்டு வைக்கவில்லை. துண்டுகளை மட்டும் தந்தார், இடையில் மாட்ட முக்காற்புள்ளியை வைத்தார். 'எல்' என்றால் மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய், 44 இந்தியா, வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் இந்தத் துண்டுகளை ஐந்து வகையாக வகுத்தார்: பொருளின் மையம், மூலப்பொருள், செயல், இடம், காலம்.

இணையக் கடையில் விலை, அளவு, நிறம் என்று தட்டித் தட்டி வடிகட்டுகிறோமே, அதற்கு அடிப்படை இந்தச் சிந்தனைதான். ஆனாலும் அவருடைய ஐந்தில் இடமும் காலமும் கடைசி. நம் கரும்புத் தோட்டப் புத்தகத்தைத் தொழிலாளர் வகையில் சேர்த்தால், சுங்கை பாக்காப் அந்த எண்ணின் வால் பகுதியில்தான் வரும். அலமாரி என்பது ஒரே கோடு. எதையாவது முன்னால் வைத்தே ஆக வேண்டும். கணினிப் பட்டியலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இடத்தை முதலில் தட்டினால் ஊர் முன்னால் வரும், காலத்தைத் தட்டினால் நூற்றாண்டு.

அலமாரிக்கும் நூலகர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். எண் வரிசையைக் கொஞ்சம் உடைத்து, அடிக்கடி கேட்கப்படும் புத்தகங்களை வாசலுக்குப் பக்கத்தில் தனியே அடுக்குவது. பள்ளி வள மையத்தில் வட்டார வரலாற்று நூல்களுக்கு ஒரு தட்டு ஒதுக்கினால், 331-ஐயோ 959.5-ஐயோ கிழிக்க வேண்டியதில்லை. பட்டியலில் 'இருப்பிடம்' என்ற ஒரு கட்டத்தை மாற்றி எழுதினால் போதும்.