கல்லூரி மாறினால் கூடைப்பந்தில் ஜொலிக்க முடியுமா? கதிர்காமம் மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு

புதுச்சேரி:

பிளஸ்-2 முடிச்சாச்சு. கையில் பந்து இருக்கு, உயரமும் இருக்கு. அடுத்து எந்த கல்லூரியில் சேர்வது? புதுச்சேரியிலேயே இருப்பதா, சென்னைக்கு போவதா? கதிர்காமம் பகுதியில் கூடைப்பந்து ஆடும் மாணவ-மாணவிகள் வீட்டில் ஒவ்வொரு ஆண்டும் எழும் கேள்வி இது. கல்லூரிகளுக்கும் இதே கேள்வி உண்டு. வேறு பல்கலைக்கழகத்தின் கீழ் போனால் நம்ம பசங்க முன்னுக்கு வருவார்களா?

பதில் சொல்வதற்கு முன் போட்டி எப்படி நடக்கிறது என்று பார்த்து விடுவோம்.

3 படிக்கட்டு

நம் நாட்டில் கல்லூரி அணி நேரடியாக தேசிய போட்டிக்கு போக முடியாது. முதல் படி கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அதில் நன்றாக ஆடுபவர்களை பொறுக்கி எடுத்து 12 பேர் கொண்ட பல்கலைக்கழக அணி தேர்வாகும்.

2-வது படி தென் மண்டல போட்டி. இந்திய பல்கலைக்கழகங்கள் சங்கம் இதை நடத்துகிறது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலுங்கானா, புதுச்சேரி பல்கலைக்கழகங்கள் இதில் மோதும். முதல் 4 இடம் பிடிக்கும் அணிகள் மட்டும் 3-வது படியான அகில இந்திய போட்டிக்கு போகும். அங்கே சாதிக்கும் அணிகளுக்கு கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டில் வாய்ப்பு. இந்த விளையாட்டு முதன்முதலாக 2020-ம் ஆண்டு புவனேஸ்வரில் நடந்தது.

ஆக, நீங்க படிக்கிற கல்லூரி எந்த பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறதோ, அதுதான் உங்க அணி.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் கல்லூரி கூடைப்பந்து பல கோடி டாலர் புழங்கும் விளையாட்டு. அங்கே கல்லூரிகள் 'கான்பரன்ஸ்' என்ற கூட்டணிகளாக பிரிந்து ஆடுகின்றன. கூட்டணி பிடிக்கலைன்னா வேறு கூட்டணிக்கு தாவலாம். 2024-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்சில் உள்ள யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி. இரண்டும் 'பேக்-12' கூட்டணியை விட்டு 'பிக் டென்' கூட்டணிக்கு தாவின. டி.வி. ஒளிபரப்பு பணம்தான் முக்கிய காரணம். இதனால் மாணவர்கள் ஒரு ஆட்டத்துக்காக சுமார் 4 ஆயிரம் கி.மீ. தூரம் பறக்க வேண்டிய நிலை வந்தது.

ஆனால் சின்ன கூட்டணியில் இருந்தே பெரிய பேர் வாங்கிய கல்லூரியும் உண்டு. கான்சாகா என்ற கல்லூரி, பலம் குறைந்ததாக கருதப்பட்ட 'வெஸ்ட் கோஸ்ட்' கூட்டணியில் ஆடிக்கொண்டே 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் தேசிய இறுதிப்போட்டி வரை போனது. அங்கே சின்ன கூட்டணி சாம்பியனுக்கும் 68 அணிகள் ஆடும் தேசிய போட்டியில் ஒரு இடம் நிச்சயம். அதனால் சின்ன குளத்தில் பெரிய மீனாக இருப்பதும் லாபம்தான்.

நம்ம ஊர் கணக்கு வேற

நம்ம ஊரில் அந்த வசதி கிடையாது. சின்ன பல்கலைக்கழகமோ, பெரிய பல்கலைக்கழகமோ, எல்லோரும் ஒரே தென் மண்டல போட்டியில்தான் இறங்க வேண்டும். தொடக்க சுற்றுகள் நாக்-அவுட். ஒரு நாள் சொதப்பினால் பெட்டி படுக்கையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இதனால் என்ன ஆகும்? சின்ன பல்கலைக்கழகத்தில் படித்தால் 12 பேரில் ஒருவராக இடம் பிடிப்பது சுலபம். ஆனால் அணி வெகுதூரம் போவது கஷ்டம். பெரிய பல்கலைக்கழகத்தில் அணி வெகுதூரம் போகும். ஆனால் அந்த 12 பேரில் இடம் பிடிப்பதே பெரும்பாடு. இடம் கிடைத்தாலும் பெஞ்சில் உட்கார வேண்டி வரலாம்.

ஏற்கனவே மாறிய கதை

புதுச்சேரிக்கு இந்த மாற்றம் புதுசு இல்லை. 1961-ல் தொடங்கிய தாகூர் கலைக்கல்லூரி உள்ளிட்ட இங்குள்ள கல்லூரிகள் முன்பு சென்னை பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1985-ல் புதுவை பல்கலைக்கழகம் வந்ததும் அதன் கீழ் மாறின. சென்னையின் பெரிய கல்லூரிகளோடு ஒரே அணிக்காக மல்லுக்கட்டிய நம்ம மாணவர்களுக்கு தனி அணி கிடைத்தது. ஆனால் அந்த பெரிய கல்லூரிகளோடு அடிக்கடி மோதும் வாய்ப்பு போய்விட்டது.

2020-ல் மீண்டும் ஒரு மாற்றம். பிள்ளைச்சாவடியில் உள்ள புதுவை பொறியியல் கல்லூரி, புதுச்சேரி தொழில்நுட்ப பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதற்கு முன்பே, 2008-ல் ஜிப்மர் தனி அந்தஸ்து பெற்று புதுவை பல்கலைக்கழகத்தில் இருந்து பிரிந்தது. கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி கலை அறிவியல் கல்லூரியும், இந்திரா காந்தி அரசு மருத்துவக்கல்லூரியும் புதுவை பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை.

பக்கத்து விழுப்புரத்திலும் இதே கதைதான். திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த விழுப்புரம், கடலூர் மாவட்ட கல்லூரிகள், 2021-ல் தமிழக அரசு எடுத்த முடிவுப்படி அண்ணாமலை பல்கலைக்கழகத்துக்கு மாறின.

இந்த மாற்றங்கள் எதுவும் விளையாட்டுக்காக நடந்தது இல்லை. நிர்வாக வசதிக்காக அரசு சட்டம் போட்டு எடுத்த முடிவுகள். அமெரிக்கா மாதிரி கல்லூரி தானாக இஷ்டத்துக்கு தாவ முடியாது. மாறக்கூடியவர் மாணவர் மட்டுமே.

சர்டிபிகேட் விஷயம்

இதில் வேலை விஷயமும் இருக்கிறது. மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான நியமனத்துக்கு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்கள் தகுதி பெறுகிறார்கள். கூடைப்பந்தும் அந்த பட்டியலில் உள்ளது. ஆனால் முதல் 3 இடம் பிடித்தவர்களுக்கு முன்னுரிமை. வெறுமனே கலந்து கொண்டவர்கள் வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும்.

நடுத்தர குடும்பத்து பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. தெற்கு ரெயில்வே, ஐ.சி.எப்., இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி. போன்றவை கூடைப்பந்து அணி வைத்துள்ளவை. கல்லூரியில் ஆடும் 3 ஆண்டு ஆட்டம் வாழ்க்கையையே மாற்றலாம்.

அப்போ யார் எங்கே போகலாம்?

மாநில அணியில் ஏற்கனவே இடம் பிடித்த, எந்த அணியிலும் முதல் 5 பேரில் ஆடக்கூடிய மாணவர் என்றால் சென்னை பக்கம் போவதில் தப்பில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கட்டண சலுகை, விடுதி தரும் கல்லூரிகள் அங்கே உண்டு. ஆனால் சேரும் முன் 2 விஷயத்தை கேட்டு விடுங்கள். சலுகை எத்தனை ஆண்டுக்கு? காயம் பட்டால் சலுகை தொடருமா? எழுத்தில் வாங்குவது நல்லது.

இன்னும் வளர வேண்டிய மாணவர் என்றால் உள்ளூரே நல்லது. பெஞ்சில் உட்கார்ந்து யாரும் ஆட்டம் கத்துக்க முடியாது. களத்தில் இறங்கினால்தான் கத்துக்க முடியும். படிப்பின் நடுவில் பல்கலைக்கழகம் மாற நினைப்பவர்கள், போட்டியில் ஆட தகுதி இருக்குமா என்று உடற்கல்வி இயக்குனரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உண்மையான குறை எது?

அமெரிக்க கல்லூரி அணி ஒரு சீசனில் சுமார் 30 ஆட்டம் ஆடுகிறது. இங்கே நாக்-அவுட் முறையில் முதல் நாள் தோற்ற கல்லூரிக்கு அந்த போட்டியில் ஒரே ஒரு ஆட்டம்தான். மத்த நாளெல்லாம் பயிற்சி, பயிற்சி, பயிற்சி. எதிரணியே இல்லாமல் எப்படி தேறுவது?

இதற்கு பல்கலைக்கழகம் மாற வேண்டிய அவசியமே இல்லை. கதிர்காமம், லாஸ்பேட்டை, கோரிமேடு, காலாப்பட்டு என கல்லூரிகள் எல்லாம் டவுன் பஸ் தூரத்தில்தான் இருக்கின்றன. யார் எந்த பல்கலைக்கழகம் என்று பார்க்காமல் 8 கல்லூரிகள் சேர்ந்து லீக் நடத்தினால் போதும். ஒவ்வொரு அணியும் மற்ற 7 அணிகளோடு தலா 2 முறை மோதினால் ஒரு அணிக்கு 14 ஆட்டம் கிடைக்கும். மொத்தம் 56 ஆட்டம். வாரக்கடைசி மாலைகளில் வைத்தால் படிப்பும் கெடாது.

14 ஆட்டம் ஆடி தேறிய பிள்ளைகள் தென் மண்டல போட்டிக்கு போனால், முதல் நாளே பெட்டி கட்டும் நிலை மாறும். கல்லூரி நிர்வாகங்களும், விளையாட்டுத்துறையும் மனசு வைத்தால் அடுத்த கல்வி ஆண்டிலேயே தொடங்கலாம். மனசு வைப்பார்களா?