ஹைபிரிட் கார்: புதிய உரிமையாளர்களின் பொதுவான ஐயங்கள்

ஹைபிரிட் கார் அல்லது கலப்பின மகிழுந்து என்பது பெட்ரோல் எஞ்சின், மின்மோட்டார் ஆகிய இரண்டின் துணையோடும் ஓடும் வண்டியாகும். டொயோட்டா நிறுவனம் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரியஸ், பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார் ஆகும். பிரியஸையும் அதையொத்த அமைப்புள்ள வண்டிகளையும் புதிதாக வாங்குவோருக்கு எழும் ஐயங்கள் கீழே விளக்கப்பட்டுள்ளன.

வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்ய வேண்டுமா?

பிளக் வசதியுள்ள வகைகளைத் தவிர மற்றவற்றுக்குத் தேவையில்லை. பிரேக்கை அழுத்தும்போது மோட்டார் மின்னாக்கியாக வேலை செய்கிறது. வெப்பமாக வீணாகியிருக்கும் ஆற்றலின் ஒரு பகுதி மின்சாரமாகிப் பேட்டரியில் சேர்கிறது. அது போதாதபோது எஞ்சின் சார்ஜ் செய்கிறது. நின்று நின்று செல்லும் நகரச் சாலைகளில் ஹைபிரிட் கார் எரிபொருளை நன்கு மிச்சப்படுத்துவது இதனால்தான்.

பேட்டரி அளவுகாட்டி ஏன் முழுமையாக நிறைவதில்லை?

பேட்டரியை முழுவதும் நிரப்பினாலும், முழுவதும் தீர்த்தாலும் அதன் ஆயுள் குறையும். எனவே கட்டுப்பாட்டுக் கணினி அதை இடைப்பட்ட அளவிலேயே வைத்திருக்கிறது. இது பழுதன்று.

சிக்னலில் நியூட்ரலில் போடலாமா?

கூடாது. நியூட்ரலில் எஞ்சின் ஓடினாலும் பேட்டரி சார்ஜ் ஆகாது.

இரண்டு பேட்டரிகள் எதற்கு?

2003இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை பிரியஸில் 201.6 வோல்ட் பெரிய பேட்டரியும், 12 வோல்ட் சிறிய பேட்டரியும் உள்ளன. எஞ்சினைச் சுழற்றி இயக்குவது பெரிய பேட்டரியின் வேலை. ஆனால் கணினிகள் விழித்து, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்கள் செயல்படச் சிறிய பேட்டரி வேண்டும். அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியில் போதிய மின்சாரம் இருந்தும் வண்டி கிளம்பாது. பல வாரங்கள் ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டிகளில் இது அடிக்கடி நேர்கிறது.

பின்னிருக்கை அருகே உள்ள காற்றுத் துளை எதற்கு?

பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகவே செல்கிறது. பை, துணி முதலியவற்றால் அதை மறைத்தால் பேட்டரி சூடாகிச் சீக்கிரம் கெடும். படியும் தூசியையும் அவ்வப்போது அகற்ற வேண்டும்.

சத்தம் நின்றால் வண்டி அணைந்துவிட்டதாகப் பொருளா?

இல்லை. 'ரெடி' விளக்கு எரியும்வரை வண்டி இயக்கத்தில்தான் உள்ளது. பேட்டரி குறைந்ததும் எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கும். மூடிய கொட்டகையில் இப்படி விட்டுச்சென்றால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளும் பரவும். நிறமோ மணமோ இல்லாத இவ்வாயு, உறங்குவோரின் உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே இறங்குமுன் பவர் பொத்தானை அழுத்தி, விளக்கு அணைந்ததை உறுதிசெய்ய வேண்டும்.

ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடலாமா?

தொடக்கூடாது. அவை உயர் மின்னழுத்தக் கம்பிகள். அவற்றைப் பழுதுபார்ப்பது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை.