ஸ்க்ரோலில் மட்டும் பார்த்த கடல்: ஆலங்குடியில் இருந்து ஒரே நாளில் மீமிசல் முதல் மனோரா வரை... என்னென்ன பார்க்கலாம்?

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் இப்போதெல்லாம் இத்தாலிதான். மலைச்சரிவில் அடுக்கி வைத்த மாதிரி கலர் கலராக வீடுகள், கீழே நீலக்கடல், பழைய தேவாலயம், எலுமிச்சைத் தோட்டம். அமால்ஃபி கடற்கரை என்று பெயர். 1997-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த இடம். ஒரு காலத்தில் கப்பல் வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த ஊர்கள், பிறகு மீன்பிடி கிராமங்களாகச் சுருங்கி, இப்போது சுற்றுலாவால் மூச்சுத் திணறுகின்றன. சீசன் நாட்களில் வெளியூர் கார்களை நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றையா, இரட்டையா என்று பார்த்து அனுப்பும் அளவுக்குக் கூட்டம்.

பழைய துறைமுகம், கோயில், கோபுரம், மீன்பிடி கிராமம் எல்லாம் ஒரே சாலையில் வரிசையாகக் கிடைக்கும் கடற்கரை நம்ம ஊரிலும் இருக்கு. புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியில் இருந்து அதிகாலை கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். (குரு பெயர்ச்சிக்குப் போகும் ஆலங்குடி வேறு. அது திருவாரூர் மாவட்டம்.)

ஆனால் இந்த ஊர்களின் பெயர்கள் பலருக்கும் அறிமுகமானது டிவி ஸ்க்ரோலில்தான். 'கோட்டைப்பட்டினம் மீனவர்கள் கைது', 'ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் நெடுந்தீவு அருகே சிறைபிடிப்பு'. இந்தச் செய்திக்கு வெளியே அந்த ஊர்களில் என்ன இருக்கு என்பது மாவட்டத்துக்கு உள்ளேயே பலருக்குத் தெரியாது.

புதுக்கோட்டைக்கு கடல் எப்போது வந்தது?

விசித்திரமான கேள்விதான். ஆனால் பதில் இருக்கு. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு கடலே கிடையாது. குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என்று மூன்றே தாலுகாக்கள். அறந்தாங்கியைத் தாண்டிக் கிழக்கே இருந்த கடலோரம் முழுக்க பிரிட்டிஷாரின் தஞ்சாவூர் மாவட்டம். ஆலங்குடிக்காரர் ஒருவர் கடல் பார்க்கக் கிளம்பினால் சமஸ்தான எல்லையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனது. 1974 ஜனவரி 14-ம் தேதி திருச்சி, தஞ்சாவூர் மாவட்டப் பகுதிகளைப் பிரித்துச் சேர்த்து புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் சுமார் 40 கி.மீ. கடற்கரை இந்தப் பக்கம் வந்தது. சமஸ்தானத்து ஊர்களுக்கும் கடலோர ஊர்களுக்கும் ஒரே மாவட்ட முகவரி கிடைத்து 50 ஆண்டுகளுக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகிறது. மாவட்டச் சுற்றுலா என்றாலே சித்தன்னவாசல், திருமயம், குடுமியான்மலை என்று மேற்கேயே பேச்சு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதல் நிறுத்தம்: ஆவுடையார்கோவில்

ஆலங்குடியில் இருந்து அறந்தாங்கி போய், அங்கிருந்து தெற்கே ஆவுடையார்கோவில். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இதைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

பழைய பெயர் திருப்பெருந்துறை. பெயரிலேயே 'துறை' இருப்பதைக் கவனிக்கலாம். மாணிக்கவாசகர் கதையின் மையமான ஊர் இது. பாண்டிய மன்னனின் அமைச்சராக இருந்த அவர், கப்பலில் வந்து இறங்கும் குதிரைகளை வாங்க அரசுப் பணத்தோடு கிழக்குக் கடற்கரைப் பக்கம் வந்தார், வந்த இடத்தில் குருவைக் கண்டு, குதிரைக்கான பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்தார் என்பது வரலாறாகச் சொல்லப்படும் கதை. நரியைப் பரியாக்கியது, வைகைக் கரையில் பிட்டுக்கு மண் சுமந்தது எல்லாம் அதன் தொடர்ச்சி. பக்திக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டதால் ஒரு விஷயம் கண்ணில் படுவதில்லை. பாண்டிய நாட்டுக்குக் குதிரை கடல் வழியாகத்தான் வந்தது. அந்த வணிகத்தின் நினைவுதான் இந்தக் கதைக்குள்ளே கிடக்கிறது. கோயில் தூண்களிலும் குதிரை வீரர்கள் நிற்கிறார்கள்.

கோயிலே வழக்கத்துக்கு மாறானது. மூலவர் ஆத்மநாதருக்கு லிங்கம் கிடையாது, ஆவுடையார் என்ற பீடம் மட்டும்தான். அம்மன் யோகாம்பாளுக்கும் சிலை இல்லை, பாதங்களுக்குத்தான் வழிபாடு. தெற்கு பார்த்த சந்நிதி. கொடிமரமும் நந்தியும் தேடினால் கிடைக்காது. புழுங்கலரிசிச் சோற்றைச் சூட்டோடு கொட்டி, எழும் ஆவியையே சாமிக்கு நிவேதனமாகக் காட்டுகிறார்கள்.

சாமி கும்பிட்டுவிட்டு அவசரமாக வெளியே வந்துவிடாமல் தலையைத் தூக்கி 'கொடுங்கை'யைப் பார்க்க வேண்டும். கூரையின் ஓரத்தில் வளைந்து இறங்கும் கல் தாழ்வாரம் அது. மரச்சட்டம், கம்பி, ஆணித்தலை எல்லாம் அடித்து வைத்தது போலவே இருக்கும். அத்தனையும் கல். அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதிக் கொடுப்பார்கள் என ஒரு சொல்வழக்கு உண்டு. ஒப்பந்தம் எழுதினார்களோ இல்லையோ, அண்ணாந்து பார்த்தால் அப்படி ஒரு பேச்சு ஏன் வந்தது என்பது புரியும்.

எல்லா ஊரும் ஏன் 'பட்டினம்'?

ஆவுடையார்கோவிலில் இருந்து நேராகப் போனால் மீமிசல். இங்கே கிழக்குக் கடற்கரைச் சாலை, அதாவது ஈசிஆர், கிடைத்துவிடும். இனி வடக்கே திரும்பினால் சாலைக்கு வலது பக்கம் கொஞ்ச தூரத்தில் கடல் கூடவே வரும்.

வழியில் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். கோபாலப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், அம்மாப்பட்டினம். மாவட்ட எல்லை தாண்டினால் மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம். தெற்கே போனால் சுந்தரபாண்டியன்பட்டினம், பஸ் போர்டில் எஸ்.பி.பட்டினம். 'பட்டினம்' என்றால் கடலோர ஊர். மூன்று சுழி 'ண'வோடு 'பட்டணம்' என்று எழுதினால் பொதுவாக நகரம். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலை காலத்தில் இருந்து இந்தச் சொல் இருக்கு. இத்தனை பட்டினங்கள் வரிசையாக நிற்பது, இது வெறும் மீன்பிடிக் கரையாக மட்டும் இருந்ததில்லை என்பதற்கு அடையாளம்.

கோட்டைப்பட்டினத்தில் ராவுத்தர் அப்பா தர்கா இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் எல்லா மதத்தவரும் வந்து போகிற இடம். இந்தக் கரையோரம் தமிழ் முஸ்லிம்களின் பழைய வணிகக் கரையும்கூட. அடுத்து மணமேல்குடி. 63 நாயன்மார்களில் ஒருவரான குலச்சிறை நாயனார் பிறந்த ஊர். அவரும் பாண்டிய அமைச்சர்தான். மாணிக்கவாசகரோடு சேர்த்தால் இரண்டு பாண்டிய அமைச்சர்களின் கதை இந்தச் சின்னப் பகுதிக்குள் வந்துவிடுகிறது.

குளிக்கலாமா, அலை அடிக்குமா?

மெரினா மாதிரி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இது பாக் விரிகுடா. 1763 முதல் 1767 வரை மதராஸ் கவர்னராக இருந்த ராபர்ட் பாக் பெயரால் அழைக்கப்படும் கடல். இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் இலங்கை, நடுவில் ஆழம் குறைந்த கடல். பெரிய அலை எழாது. கரையோரம் மணலைவிடச் சேறு அதிகம். பல இடங்களில் கடல் ஏரி மாதிரி அசையாமல் கிடக்கும். குளியலுக்கு ஏற்ற கரை என்று சொல்ல முடியாது.

மணமேல்குடிக்குக் கிழக்கே கோடியக்கரை என்று ஒரு கடற்கரை இருக்கு. வேதாரண்யம் பக்கத்தில் இருக்கும் பறவைகள் சரணாலயத்துக் கோடியக்கரை வேறு. கூகுள் மேப்பில் தேடும்போது கவனம், இல்லாவிட்டால் எங்கேயோ கொண்டு போய் விட்டுவிடும். மீமிசல் பக்கம் முத்துக்குடாவில் அலையாத்திக் காடு இருக்கிறது. அதையும் பார்க்க நினைப்பவர்கள் மீமிசலிலேயே நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

சேறும் ஆழமின்மையும் ஒரு வகையில் இந்தக் கடலுக்குக் கிடைத்த வரம். வெளிச்சம் அடிவரை இறங்குவதால் கடற்புல் படுகைகள் வளர்கின்றன. அந்தப் புல்லை மட்டுமே நம்பி வாழும் விலங்குதான் கடற்பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். சுமார் 3 மீட்டர் நீளம் வரை வளரும். மீன் அல்ல, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு என்பதால் மூச்சு வாங்க சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் ஒரே குட்டி என்பதால் ஒன்று போனாலும் இழப்பு பெரிது.

இதற்காகத்தான் 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பை நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக தமிழ்நாடு அரசு அறிவித்தது. தடை போட்டு மீனவர்களை வெளியேற்றும் ஏற்பாடு இல்லை இது. வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு கடலில் விடும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகையும் பாராட்டும் கொடுக்கிறது. கரையில் நின்று கடற்பசுவைப் பார்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், அது அபூர்வம்.

மனோரா: நெப்போலியன் தோற்றதற்கு இங்கே எதற்கு கோபுரம்?

மணமேல்குடி, காட்டுமாவடி தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். சேதுபாவாசத்திரம் வரும். ராமேஸ்வரம் யாத்திரை போகிறவர்களுக்காக தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டிய பாதை இது. மல்லிப்பட்டினம் பக்கம் சரபேந்திரராஜன்பட்டினத்தில், கடலுக்கு எதிரே, தென்னை மரங்களுக்கு மேலே தலை நீட்டி நிற்கிறது மனோரா.

அறுகோண வடிவம், எட்டு அடுக்கு, சுமார் 75 அடி உயரம். சுற்றி மதிலும் அகழியும். 'மினார்' என்ற சொல்தான் மக்கள் வாயில் மனோரா ஆனது. கட்டியவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. ஆங்கிலேயரின் நண்பர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, அவர்களின் வெற்றியையும் நெப்போலியன் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர இதை எழுப்பியதாகக் கல்வெட்டு சொல்கிறது.

இங்கே ஒரு சின்னக் குழப்பம். வாட்டர்லூ போரின் நினைவாகக் கட்டியது என்றே பல இடங்களில் எழுதுகிறார்கள். வாட்டர்லூ நடந்தது 1815 ஜூன் 18. கல்வெட்டில் இருக்கும் ஆண்டு 1814. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் நெப்போலியன் முதல்முறை பதவி இழந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டார். எல்பா எங்கே இருக்கிறது? இத்தாலிக் கடற்கரைக்கு எதிரே! அங்கே நெப்போலியன் போய் இறங்கிய செய்திக்கு, இங்கே பட்டுக்கோட்டைப் பக்கத்தில் கோபுரம் எழுந்திருக்கிறது.

சரபோஜியின் நிலைமையையும் யோசிக்க வேண்டும். 1799 ஒப்பந்தத்தில் தஞ்சை நாட்டின் நிர்வாகம் முழுவதையும் கம்பெனியிடம் கொடுத்துவிட்டவர் அவர். அவர் கையில் மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் மன்னர் என்ற பட்டமும்தான். நாட்டை எடுத்துக்கொண்டவர்களின் வெற்றிக்கு நினைவுச்சின்னம் கட்ட வேண்டிய இடத்தில் ஒரு மன்னர் இருந்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவரும் இதே சரபோஜிதான். மனோராவை வெறும் செல்ஃபி பின்னணியாகப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரிவதில்லை. சாயங்கால வெயில் சரியும் நேரத்தில் போனால் கூட்டமும் குறைவு, காற்றும் நன்றாக இருக்கும்.

எந்தக் கிழமை போனால் நல்ல மீன் கிடைக்கும்?

காட்டுமாவடி மீன் மார்க்கெட் இந்தச் சாலையில் பெயர் பெற்றது. நண்டு, இறால், கணவாய் எல்லாம் வரும். கிழமை பார்த்துப் போனால் லாபம். பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் பொதுவாக திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களில்தான் கடலுக்குப் போகும். மற்ற நான்கு நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஒரே கடலை இரண்டு தரப்பும் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ளச் செய்த ஏற்பாடு. விசைப்படகு மறுநாள் காலை கரை திரும்பும் என்பதால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் துறைமுகங்களில் வரத்து அதிகம்.

அந்தக் காலை நேரத்தில் ஜெகதாப்பட்டினத்திலோ கோட்டைப்பட்டினத்திலோ நின்றால், ஸ்க்ரோல் செய்தியின் மறுபக்கம் தெரியும். எந்தப் படகு வந்தது, எது இன்னும் வரவில்லை என்று கரையில் காத்திருப்பவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். 1974-ல் இந்தியாவும் இலங்கையும் இந்தக் கடலில் எல்லைக்கோடு போட்டன. அகலம் குறைந்த கடல், மீன் அதிகம் இருப்பதோ அந்தப் பக்கம். இங்குள்ள விசைப்படகின் இழுவலை தங்கள் கடலைச் சுரண்டுகிறது என்பது யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்களின் புகார். படகு பறிபோனால் எழுந்து நிற்கவே முடியாது என்பது இங்குள்ளவர்களின் நிலைமை. இதில் 2018 நவம்பர் 16-ம் தேதி கரை கடந்த கஜா புயல், படகுகளையும் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்துத் தென்னைகளையும் சேர்த்தே சாய்த்துவிட்டுப் போனது. துறைமுகத்தில் போட்டோ எடுக்கும் முன் அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

திரும்பும் வழி

மனோராவில் இருந்து பேராவூரணி, கீரமங்கலம் வழியாக ஆலங்குடிக்குத் திரும்பலாம். போன வழியே வர வேண்டியதில்லை, ஒரு முழுச் சுற்று வந்த மாதிரி ஆகும். கார், பைக் இருந்தால் வசதி. பஸ்ஸில் போவதாக இருந்தால் ஆவுடையார்கோவில் ஒரு நாள், மனோரா ஒரு நாள் என்று பிரித்துக்கொள்வதே நல்லது. ரயிலில் வருகிறவர்களுக்கு காரைக்குடி - திருவாரூர் பாதையில் அறந்தாங்கி, பேராவூரணி இரண்டு ஸ்டேஷனும் பக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் எல்லாம் கரையில் வரிசையாக நிற்கும், பெயின்ட் அடிப்பதும் வலை பின்னுவதுமாக வேலை நடக்கும். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் கிடைக்கும். விலை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.