செயற்கை நீருலகும் உழைப்பும்
'கிரீச்சர்ஸ்' விளையாட்டை மட்டக்களப்பு வாவியிலிருந்து நோக்கல்

கணனிக்குள் உயிர்களை வளர்க்கும் விளையாட்டொன்று இலக்கிய ஆய்வாளரின் கவனத்துக்குரியதா என்ற வினா எழுதல் இயல்பே. இலக்கியம் உலகமொன்றைச் சொற்களாற் சமைக்கிறது. இத்தகைய விளையாட்டு அதனைக் கட்டளைகளாற் சமைக்கிறது. இரண்டிலும் எவை உலகின் உறுப்புகளாகக் கொள்ளப்படுகின்றன, எவை விடப்படுகின்றன என்பது சமூக நோக்கைச் சார்ந்தது. 'கிரீச்சர்ஸ்' எனும் விளையாட்டில் நீர்வாழ் உயிரினங்களும் நீர்நிலைத் துணைப்பொருட்களும் ஆக்கப்படும் முறையை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். மட்டக்களப்பு வாவியை அதற்கு உரைகல்லாகக் கொள்கிறோம். அவ்விளையாட்டின் நீருலகில் எல்லாம் உண்டு, உழைப்பு ஒன்று மட்டும் இல்லை என்பதே நாம் நிறுவ விரும்புவது.

1

'செயற்கை உயிர்' என்னும் ஆய்வுத்துறை, கிறிஸ்டோபர் லாங்ரன் 1987ஆம் ஆண்டு அமெரிக்காவின் லொஸ் அலமோசில் கூட்டிய கருத்தரங்கின் வழி உருப்பெற்றது. உயிரைச் சடப்பொருளாக அன்றி, பொருட்களிடையேயான ஒழுங்கமைப்பாகக் காண்பது அதன் அடிப்படை. 1994இல் கார்ல் சிம்ஸ் என்பார் நீந்தக் கற்கும் கணனி உயிர்களைப் படிமலர்ச்சி முறையால் தோற்றுவித்தார். அதே ஆண்டில் ரொறன்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் செயற்கை மீன்களை ஆக்கிக் காட்டினர். இத்துறையின் தொடக்க காலத்திலேயே நீர் ஒரு சோதனைக்களமாக இருந்தமை நோக்கற்பாலது.

ஆய்வுகூடத்துக்குரியதாயிருந்த இச்சிந்தனை 1996இல் விற்பனைப் பண்டமாயிற்று. ஸ்டீவ் கிராண்ட் வடிவமைத்த 'கிரீச்சர்ஸ்' அவ்வாண்டு பிரித்தானியாவில் வெளிவந்தது. அதன் முதன்மை உயிரினம் 'நோர்ன்' எனப்படும். அதற்கு ஏறத்தாழ 1000 நரம்புக்கலங்களைக் கொண்ட மூளை உண்டு. பசி, வலி, அச்சம் ஆகியன அதனுள் இரசாயனப் பொருட்களின் அளவுகளாகவே இயங்குகின்றன. மூளை, உடலியக்கம், தோற்றம் ஆகியவற்றை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. ஆணும் பெண்ணும் சேர்ந்து இடும் முட்டையில் இருவரின் மரபணுக்களும் கலக்கின்றன. சிற்சில வேளைகளில் விகாரமும் நிகழ்கிறது. நோர்ன் செய்யவேண்டியது முன்கூட்டியே எழுதப்படுவதில்லை. ஆடுபவரின் தட்டிக்கொடுப்பாலும் அடியாலும், தன் அனுபவத்தாலும் அது கற்றுக்கொள்கிறது.

2

இவ்விளையாட்டுக்கு ஆடுவோர் தாமே புதியனவற்றை ஆக்கிச் சேர்க்கலாம். இவ்வாக்கம் மூவகைப்பட்டது. முதலாவது, உருவம் வரைதல்: ஓர் இனத்தின் தலை, உடல், கைகால் ஆகியவற்றை ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியே வரைதல் வேண்டும். இரண்டாவது, விளையாட்டுக்கெனவே அமைந்த மொழியிற் கட்டளைகளை எழுதுதல். பாசியும் நண்டும் குமிழியும் அதனாலேயே அசைகின்றன. மூன்றாவது, மரபணுவைத் திருத்துதல்.

1999இல் வந்த மூன்றாம் பகுதியின் களம் ஒரு விண்கலம். அதனுள் கடலுயிர்களுக்கென ஒரு பகுதியும் அமைந்திருந்தது. ஆயின் வழமையான நோர்ன் அந்நீரில் நெடுநேரம் இருப்பின் மூச்சுமுட்டி இறக்கும். கடல் இருந்தது, அதில் வாழத்தக்க நோர்ன் இல்லை. நீர்வாழ் இனங்களை ஆக்கும் முயற்சிக்கு இம்முரண்பாடே உந்துதல்.

இங்கு ஒரு பாடம் உண்டு. நோர்னுக்குச் செதிலும் வாலும் வரைவதால் மட்டும் அது நீர்வாழ் உயிராகிவிடாது. அழகிய வாலுடனேயே மூழ்கி இறக்கும். நீரில் மூச்சுவிடும்படி மரபணுவைத் திருத்தினால் மூச்சு நிற்காது, பசி கொல்லும். நீருக்குள் உணவு வேண்டும். உணவுக்குப் பாசி வேண்டும். பாசி பெருக ஒளியும் ஊட்டமும் வேண்டும். ஆகவே இனத்தை ஆக்குபவர் ஈற்றில் ஒரு சூழலையே ஆக்கவேண்டியவராகிறார். உயிரி சூழலுக்கு வெறுமனே இசைவதில்லை, இரண்டும் ஒன்றையொன்று ஆக்குகின்றன என ரிச்சர்ட் லெவின்சும் ரிச்சர்ட் லெவொன்ரினும் 1985இல் வெளியிட்ட இயங்கியல் உயிரியல் பற்றிய நூலில் வாதித்தனர். அக்கருத்தை நூலறியாச் சிறுவரும் இவ்விளையாட்டிற் கைப்பழக்கத்தால் உணரமுடிகிறது. இது அதன் முற்போக்கான கூறு.

ஆயினும் விளையாட்டிற் பிழை நேர்ந்தால் சேமித்துவைத்த பழைய உலகத்துக்கு மீளலாம். மெய்யான நீரில் அவ்வாறு மீளமுடியாது. 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியா மீன் இந்நாட்டு நீர்நிலைகளில் நிலைபெற்றுவிட்டது. அது பலருக்கு மலிவான உணவாயிற்று; நீர்நிலைகளின் உயிர்த்தொகுதியோ பழைய நிலைக்கு மீளவில்லை.

3

இனி வாவிக்கு வருவோம். மட்டக்களப்பு வாவி தெற்கு வடக்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஒருவர் இவ்வாவியை மேற்கூறிய விளையாட்டினுள் அமைக்க முயல்வதாகக் கொள்வோம். கண்டல் மரங்களை வரையலாம். இறாலையும் நண்டையும் கொடுவாவையும் அசையச் செய்யலாம். நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தருகே கேட்பதாகக் கூறப்படும் நீரொலியைக்கூடச் சேர்க்கலாம். முதல் இடர்ப்பாடு நீரிலேயே தோன்றும். விளையாட்டின் உலகம் சிறு அறைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. நீருள்ள அறை ஒன்றில் நன்னீருக்குரியது, அன்றேல் கடல்நீருக்குரியது. வாவியோ இவ்விரு கூறுகளுள் அடங்காதது. வடகீழ்ப் பருவ மழையில் அது நன்னீராகத் தணியும். முகத்துவாரம் திறந்து கடல் உட்புகும்போது உவர்ப்பேறும். கோடையில் மணற்றிட்டு வாயை மூடிவிடும்.

அறையின் வகையை மாதத்துக்கு மாதம் மாற்றும் கட்டளையை எழுதிவிட்டால் இச்சிக்கல் தீர்ந்துவிடுமெனத் தோன்றலாம். தீராது. முகத்துவாரம் எப்போதும் தானாகத் திறப்பதன்று. வெள்ளக் காலங்களில் மனிதரால் வெட்டித் திறக்கப்படுவதும் உண்டு. தாழ்நிலத்து வயல் நீரில் மூழ்கும்போது உழவர் அதனை விரைவில் வெட்டவேண்டுமென்பர். வாவியில் வலை வீசுவோருக்கோ நீர் வடியும் காலமும் கடல்நீர் புகும் காலமும் வேறு கணக்கிலானவை. ஆகவே வாவியின் உவர்ப்பு பௌதிக அளவு மட்டுமன்று. உழைக்கும் பிரிவினரின் தேவைகளும் நிருவாகத்தின் அதிகாரமும் சந்திக்கும் இடத்தில் தீர்மானிக்கப்படுவதாகும். போர் நடந்த ஆண்டுகளில் பாதுகாப்புத் தடைகளால் வாவித்தொழில் பலமுறை மட்டுப்படுத்தப்பட்டது. அப்போதும் நீர் இருந்தது, மீன் இருந்தது, தோணி இறங்கவில்லை. கரையிலுள்ள குடும்பங்களுக்கு அது அதே வாவியாக இருக்கவில்லை.

4

தமிழ்ப் பொருளிலக்கண மரபு இவ்விடத்தில் நமக்குத் துணைபுரிகிறது. தொல்காப்பியம் திணையை முதல், கரு, உரி என வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதல். அங்குத் தோன்றுவன கரு. மாந்தர் ஒழுக்கம் உரி. விளையாட்டின் மொழியிற் கூறின், அறைகளும் பருவமும் முதற்பொருள். துணைப்பொருட்களாகச் சேர்க்கப்படும் உயிர்கள் கருப்பொருள். ஆயின் தொல்காப்பியரின் கருப்பொருட் பட்டியலில் மரமும் புள்ளும் விலங்கும் மட்டுமல்ல, தொழிலும் இடம்பெறுகிறது. நெய்தலுக்கு மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் அவ்வாறு அமைவன. தொழிலும் நிலத்தின் விளைவே என்னும் உணர்வு அங்கு உண்டு. விளையாட்டின் கடலில் அவ்வுணர்வு இல்லை. அங்கே உணவு பொறிகளாலும் செடிகளாலும் கிடைக்கிறது, எவரும் வலை பின்னுவதில்லை.

இதனால் பழைய இலக்கணத்தைப் போற்றிவிட்டு அமைதல் பொருந்தாது. தொழிலைக் கருப்பொருளாக ஏற்ற அதே நூல், அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குரிய தலைமக்களாகக் கொள்ளவில்லை. அவர்களை அதற்குப் புறத்தே நிறுத்திற்று. தொழில் வேண்டும், தொழிலாளி நாயகனாகலாகாது என்பது அதன் வர்க்க எல்லை.

இவ்வெல்லையைப் பிற்காலத்தும் காண்கிறோம். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்பில் வாவியின் ஒலியைக் கேட்டு, தமது நூலிற் பதிந்தார். ஒலி எழும் இடத்துக்கு அவரைத் தோணியில் அழைத்துச் சென்றவர்கள் மீனவர். அது ஊரியின் குரலென அவருக்குக் கூறியவர்களும் அவர்களே. ஒலி உலகறிந்தது; அறிவைத் தந்தோர் 'மீனவர்' என்னும் பொதுச்சொல்லுக்குள் மறைந்தனர்.

விளையாட்டின் வெளிப்புறத்திலும் இதுவே நிகழ்ந்தது. ஆடுவோர் ஊதியமின்றி இனங்களை ஆக்கினர். தமக்குள் இலவசமாகப் பகிர்ந்தனர். அவ்வுழைப்பு விளையாட்டின் பயனை வளர்த்தது. அதன் உரிமையோ நிறுவனத்திடமே இருந்தது. மரபணுவைத் திருத்தும் கருவியும் விற்பனைப் பண்டமாக வந்ததே. 2003இல் நிறுவனம் மூடப்பட்டது. உரிமை வேறொரு நிறுவனத்துக்குச் சென்றது. அதன் பின்னரும் அவ்வுலகம் அழியாது நின்றமைக்கு ஆடுவோரின் கூட்டுழைப்பே பெருங் காரணம். உலகின் உள்ளே உழைப்பு இல்லை. உழைப்பு இல்லையேல் உலகே இல்லை.

5

எனவே மட்டக்களப்பு வாவியைக் கணனியில் ஆக்க முற்படும் நம் மாணவர் எவ்வகை மீனைச் சேர்ப்பது என்று மட்டும் வினவுதல் போதாது. முகத்துவாரத்தை வெட்டும் முடிவு யாருடையது, அதனால் எக்கரையினர் பயனடைவர், எக்கரையினர் இழப்பர் என்பனவும் அவ்வுலகின் விதிகளாக எழுதப்படவேண்டும். வீச்சுவலையும் தோணியும் அலங்காரப் படங்களாக அன்றி, அவ்வுலகை மாற்றும் செயல்களாக அமையவேண்டும். ஊரியின் பெயரையும் மீனோட்டத்தின் காலத்தையும் சொல்லித்தருவோர், தாம் இசையின், ஆக்கியோர் வரிசையிற் பெயருடன் இடம்பெறவேண்டும். தொழிலை ஏற்றுத் தொழிலாளியைப் புறத்தே நிறுத்திய பழைய எல்லையைப் புதிய கருவியிலும் பேணுவதா, கடப்பதா என்பதே அவர்கள்முன் உள்ள வினா. அதற்குரிய விடையைக் கணனி தராது. வாவிக்கரை மக்களோடு சேர்ந்து நாமே ஆக்கவேண்டும்.